நீலகிரியில் கிடைத்த கல் விண்கல்தானா? வீட்டிலேயே பார்க்கும் வழி

தேயிலைக்குக் கவாத்து வெட்டும்போதோ, வீட்டு அஸ்திவாரத்துக்குப் பள்ளம் தோண்டும்போதோ, பெருமழைக்குப் பிறகு ஓடையோரம் நடக்கும்போதோ சிலசமயம் பக்கத்துக் கற்களோடு சேராத ஒரு கல் கையில் மாட்டும். கறுப்பாக இருக்கும், அளவுக்கு மீறிக் கனக்கும், காந்தத்தை வைத்தால் லேசாக இழுக்கும். வீட்டில் யாராவது ஒருவர் இது வானத்திலிருந்து விழுந்ததுதான் என்று அடித்துச் சொல்லிவிடுவார், அப்புறம் அந்தக் கல் பீரோவுக்குள் போய்விடும். அதற்கு முன்னால் ஒரு மணி நேரம் செலவழித்தால் பெரும்பாலான கற்களுக்கு வீட்டிலேயே பதில் சொல்லிவிடலாம். நான் கடைப்பிடிக்கும் முறை ஒன்றுதான்: இந்த மலை என்னென்ன கற்களைத் தரும் என்று முதலில் பார்ப்பேன், அந்தப் பட்டியலில் எதிலும் சேராத கல் என்று உறுதியான பிறகுதான் வானத்தைப் பற்றி யோசிப்பேன்.

நம் பக்கமெல்லாம் எங்கே விண்கல் விழப்போகிறது என்று விட்டுவிடவும் வேண்டாம். பழனி மலையில் 1898-ல் சுமார் 16 கிலோ எடையுள்ள ஓர் இரும்பு விண்கல் கிடைத்தது, உலகம் முழுக்க அதற்குக் 'கோடைக்கானல்' என்றே பெயர். இரும்புக்கு நடுவே சிலிக்கேட் என்ற கல் கனிமங்கள் சிக்கியிருக்கும் அபூர்வ வகை அது. பெரும்பாலான விண்கற்களுக்கு வயது 450 கோடி ஆண்டுக்கு மேல் என்றால், இந்தச் சிலிக்கேட்டுகளுக்குச் சுமார் 370 கோடி ஆண்டுதான். சமவெளியில் விழுந்தவையும் உண்டு. 1857 பிப்ரவரி 28-ல் தென் தமிழகத்தில் விழுந்த கல் 'பர்னல்லி' என்று பதிவாகியிருக்கிறது, 2008 செப்டம்பர் 12-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சூளகிரியில் மொத்தம் 100 கிலோவுக்கு மேல் விழுந்தது.

ஆனால் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். விண்கல் தேடுகிறவர்கள் சகாராவுக்கும் அண்டார்டிகாவுக்கும் போவதற்குக் காரணம் அங்கே அதிகமாக விழுகிறது என்பதல்ல, விழுந்தது கெடாமல் கிடக்கிறது என்பதுதான். நம் மலையில் இரண்டு பருவமழையும் பெய்கிறது, மண் புளிப்பு மண், வருடத்தில் பல நாள் பனிமூட்டம். கல்லுக்குள் இருக்கிற இரும்புத் துகள் துருப்பிடித்து, ஊதி, கல்லையே நொறுக்கிவிடும். அதனால் இங்கே வெகுகாலமாகக் கிடந்த கல் ஒன்று விண்கல்லாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. சமீபத்தில் விழுந்ததாக இருந்தால் பேச்சே வேறு.

ஆகவே முதல் கேள்வி, இது விழுந்ததை யாராவது பார்த்தார்களா, அல்லது சும்மா கிடைத்ததா? இரண்டுக்கும் கையாளும் விதம் நேர் எதிர்.

விழுந்ததைப் பார்த்திருந்தால், அல்லது ஊரே பார்த்த ஒரு தீப்பந்துக்கு மறுநாள் காலையில் நேற்றுவரை இல்லாத ஒரு கறுப்புக் கல் முற்றத்தில் கிடந்தால், இனி நான் சொல்லப்போகிற சோதனைகளில் ஒன்றைக்கூடச் செய்யாதீர்கள். கழுவக் கூடாது, அராவக் கூடாது, காந்தம் கிட்டவே வரக் கூடாது. கிடந்த இடத்திலேயே பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள், போனில் இடக்குறிப்பைச் சேமியுங்கள், சுத்தமான கையுறையோ அலுமினியத் தாளோ கொண்டு எடுத்து அதே தாளில் சுற்றி ஈரம் புகாத பையில் போடுங்கள். அன்றைக்கே தகவல் சொல்லுங்கள், ஏனென்றால் விண்வெளியில் காஸ்மிக் கதிர் பட்டு உண்டான சில கதிரியக்க அணு வகைகள் (ஐசோடோப்புகள்) சில நாட்களிலேயே குறைந்துபோகும், அகமதாபாத்தில் உள்ள இயற்பியல் ஆராய்ச்சி ஆய்வகம் போன்ற இடங்களில் அதை அளக்கிறார்கள். கதிரியக்கம் என்றதும் பயப்பட வேண்டாம், அது நுட்பமான கருவிக்கு மட்டும் தெரிகிற அளவு. தொட்டால் சுடும் என்பதும் உண்மையில்லை. வெளித்தோல் சில விநாடிகள்தான் உருகுகிறது, அதன் பிறகு கல் குளிர்ந்த காற்றில் நீண்ட தூரம் விழுந்து வருகிறது.

தீப்பந்து பக்கத்து எஸ்டேட்டில்தான் விழுந்தது என்று எல்லோருக்கும் தோன்றும், அதையும் அப்படியே நம்பாதீர்கள். அதன் வெளிச்சம் பொதுவாகத் தரையிலிருந்து 20 கிலோமீட்டர் உயரத்திலேயே அணைந்துவிடும், மிச்சம் இருட்டில்தான் விழும். வெளிச்சத்துக்கும் இடிச்சத்தத்துக்கும் நடுவே எத்தனை விநாடி என்று எண்ணி மூன்றால் வகுத்தால் தூரம் ஏறக்குறைய கிலோமீட்டரில் கிடைக்கும். தொட்டபெட்டா முகட்டுக்குப் பின்னால் மறைந்த ஒளி உண்மையில் கர்நாடகத்துக்கு மேலே எங்கோ எரிந்ததாக இருக்கலாம்.

சரி, விழுந்ததை யாரும் பார்க்கவில்லை, கல் மட்டும்தான் இருக்கிறது என்றால் மலையின் பட்டியலுக்கு வருவோம்.

நீலகிரியும் பழனி மலையும் பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற பாறையால் ஆனவை, சென்னைப் பரங்கிமலையில் இருப்பதும் இதே இனம்தான். நாம் கருங்கல் என்று சொல்லும் கல்லில் பெரும்பகுதி இது. புதிதாக உடைத்தால் நீலம் கலந்த கரும்பச்சையாக, எண்ணெய்ப் பசை தடவிய பளபளப்போடு தெரியும். இதற்குள் மேக்னடைட் என்ற காந்த இரும்புக் கனிமம் இருப்பதால் நூலில் கட்டிய காந்தம் லேசாகச் சாயும், அங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். இன்னொன்று, இந்தப் பாறை மண்ணுக்கடியில் உருண்டை உருண்டையாக, அடுக்கடுக்காகத் தோலுரிந்து சிதையும். அஸ்திவாரம் தோண்டும்போது வருகிற அந்த உருண்டைகளை நறுக்கிப் பாருங்கள்: வெளியே மஞ்சள் கலந்த பழுப்பில் ஒரு தோல், பல மில்லிமீட்டர் தடிமன், சிலதில் விரல் தடிமன்கூட, உள்ளே போகப்போக நிறம் மெல்ல மாறிக் கடைசியில் கறுப்பு. இதைத்தான் எரிந்த மேலோடு என்று நினைத்துவிடுகிறார்கள். விண்கல் விழும்போது வெளித்தோல் உருகி உறைவதால் வரும் உருகு மேலோடு அப்படி இருக்காது. பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட வராது, கறுப்பாக இருக்கும், ஓடு முடிந்து உட்புறம் தொடங்கும் கோடு கத்தியால் வெட்டியதுபோல் தெளிவாகத் தெரியும். ஓட்டின் கறுப்புக்கு உட்புறம் பெரும்பாலும் வெளிர்ச் சாம்பல் நிறம். மலைக்கல்லில் வெளியே வெளிறி உள்ளே கறுப்பு, விண்கல்லில் வெளியே கறுத்து உள்ளே வெளிர். எல்லா விண்கல்லுக்கும் இது பொருந்தாது, ஆனாலும் நம் மலையில் இந்த ஒரு பார்வையே பாதி வேலையை முடித்துவிடும்.

சார்னோக்கைட்டுக்கு நடுவே சுவர் மாதிரி பாய்ந்திருக்கும் டோலரைட் இன்னும் கஷ்டமான கல். நல்ல கறுப்பு, மணி தெரியாத நயம், சார்னோக்கைட்டைவிடக் கனம், காந்தமும் இழுக்கும். இதைக் கண்ணால் பார்த்துத் தள்ள முடியாது, அராவிப் பார்த்துத்தான் தெரிய வேண்டும்.

செம்மண்ணில் கிடைக்கும் இரும்புச் சரளையும், ஊதாப் பழுப்பில் கட்டிகட்டியாக வரும் செம்புறாங்கல் உருண்டைகளும் அடுத்தவை. கனம் இருக்கும், மேல்புறம் வழவழப்பாகக்கூட இருக்கும். கூடலூரை அடுத்த தேவாலா, பந்தலூர் பக்கம் என்றால் கூடுதலாக ஒன்றைச் சந்தேகியுங்கள். 1880 வாக்கில் அங்கே தங்கச் சுரங்கக் கம்பெனிகள் வந்து தோண்டிப்போட்ட இடங்கள் உண்டு, அந்தப் பக்கத்து வெண்கற்களில் பைரைட் என்ற கனிமம் மின்னும். பித்தளை மஞ்சளில் மின்னினால் அது பைரைட், விண்கல்லின் உலோகம் வெள்ளி நிறம்.

பிறகு மனிதர்கள் போட்டது. மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வரும் மலை ரயில் பாதையோரம் நிலக்கரி எரித்த காலத்து எஞ்சின் கசடு கிடக்கலாம், தேயிலைத் தொழிற்சாலைகளின் உலைக்கசடும் அப்படித்தான். கோத்தர்கள் தலைமுறை தலைமுறையாக இரும்பு வேலை செய்த மலை இது, பழைய பட்டறை இருந்த இடங்களில் இரும்புக் கிட்டம் கிடைப்பது இயல்பு. கிட்டமோ கசடோ என்றால் பெரும்பாலும் அதில் ஓட்டை ஓட்டையாகக் காற்றுக்குமிழி இருக்கும். நம் கையில் சிக்கக்கூடிய விண்கல்லில் குமிழி இருக்காது, குமிழி தெரிந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஒரு வேண்டுகோள்: பழைய கல்வட்டங்கள், ஈமக்குழிகள் பக்கத்தில் துருப்பிடித்த இரும்புத் துண்டு கிடைத்தால் தோண்டாதீர்கள், எடுக்காதீர்கள். அது விண்கல்லைவிட வேறு விதத்தில் முக்கியமானது, தொல்லியல் துறைக்குத்தான் சொல்ல வேண்டும்.

இதையெல்லாம் தாண்டியும் சந்தேகம் மிச்சமிருந்தால் மேஜையில் வைத்துச் சோதனை தொடங்கலாம். முதலில் நல்ல வெயிலில், லென்ஸ் இருந்தால் லென்ஸோடு, இல்லாவிட்டால் போன் கேமராவைப் பெரிதாக்கி, உடைந்த முகத்தைப் பாருங்கள். கண்ணாடிச் சில்லு போன்ற குவார்ட்ஸ் மணிகள், சிவப்புக் கார்னெட் மணிகள், அபிரகத் தகடுகள், பட்டைப் பட்டையான கோடுகள், இதில் எது தெரிந்தாலும் பூமிக்கல். வெளிமுகத்தில் ஈரக் களிமண்ணைக் கட்டைவிரலால் அமுக்கியது மாதிரி ஆழமில்லாத குழிகள் இருந்தால் கவனிக்க வேண்டியதுதான், ஆனால் எல்லா விண்கல்லிலும் குழி இருக்காது, குழி உள்ள எல்லாக் கல்லும் விண்கல்லும் இல்லை. ஓடைநீரும் குழி பண்ணும்.

அடுத்து தேய்ப்புச் சோதனை. டீ கப்பைக் கவிழ்த்தால் அடியில் மெருகு பூசாத வெள்ளை வளையம் இருக்கிறதே, அதில் கல்லின் ஒரு முனையை அழுத்திக் கோடு இழுங்கள். குளியலறை டைல்ஸின் பின்பக்கமும் ஆகும். செங்கல் நிறத்தில் கோடு விழுந்தால் ஹேமடைட் என்ற இரும்புத்தாது, மஞ்சள் பழுப்பு விழுந்தால் துரு சேர்ந்த சரளை, பென்சில் மாதிரி கறுப்பு விழுந்தால் மேக்னடைட். விண்கல் பெரும்பாலும் கோடே போடாது, போட்டாலும் மங்கலாகத்தான் இருக்கும். துருவேறிய பழைய விண்கல் பழுப்புக் கோடு போடக்கூடும் என்பதால் வெளித்தோலில் தேய்க்காமல் உடைந்த பக்கத்தில் தேய்ப்பது நல்லது.

காந்தத்தைப் பலரும் முதல் சோதனையாக வைக்கிறார்கள், நான் கொஞ்சம் பின்னால் வைக்கிறேன், காரணம் இந்த மலையின் கற்களே அதற்கு இசைகின்றன. ஹார்டு டிஸ்கிலிருந்து கழற்றிய சக்திவாய்ந்த காந்தம் வேண்டாம். உண்மையில் விண்கல்லாக இருந்தால் அதற்குள் பதிவாகியிருக்கும் ஆதிகாலக் காந்தத் தடயத்தை அது அழித்துவிடும். ஃபிரிட்ஜில் ஒட்டுகிற சாதாரணக் காந்தத்தை நூலில் தொங்கவிட்டு, கல்லைப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள். இழுப்பு எவ்வளவு என்பதை வைத்து அவசரப்படவும் கூடாது. காண்ட்ரைட் என்ற பரவலான கல் விண்கல் இனத்தில், ஹெச் வகை என்றால் எடையில் 15 சதவீதத்துக்கு மேல் உலோகம் இருக்கும், அது நன்றாக இழுக்கும். உலோகம் குறைந்த எல்எல் வகையில் 3 சதவீதம்கூட இருக்காது. பர்னல்லியும் சூளகிரியும் அந்த எல்எல் வகைதான், அவற்றில் காந்தம் வலுவாக ஒட்டும் என்று எதிர்பார்க்க முடியாது. ஆக, நன்றாக ஒட்டியது என்பதால் விண்கல் ஆகிவிடாது, லேசாகத்தான் சாய்ந்தது என்பதால் தள்ளிவிடவும் முடியாது.

எனக்கு அதிக நம்பிக்கை உள்ளது அடர்த்திச் சோதனை, ஏனென்றால் அதில் அபிப்பிராயத்துக்கு இடமில்லை. சமையலறை டிஜிட்டல் தராசு போதும். கல்லை எடை போட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு பாத்திரத்தில் பாதிக்கு மேல் தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து எண்ணைப் பூஜ்யமாக்குங்கள். கல்லை நூலில் கட்டி, முழுக்க மூழ்கும்படி, ஆனால் அடியையோ பக்கத்தையோ தொடாதபடி பிடித்துக்கொண்டு தராசைப் படியுங்கள். அந்த எண்தான் கல்லின் கொள்ளளவு, கன சென்டிமீட்டரில். எடையை அதால் வகுங்கள். 840 கிராம் கல், தண்ணீரில் 300 காட்டினால் 2.8 வரும், அது சார்னோக்கைட்டின் எண். டோலரைட் 3-ஐ ஒட்டி வரும். மேக்னடைட், ஹேமடைட் கட்டிகள் சுத்தமாக இருந்தால் 5-ஐத் தாண்டும். சாதாரணக் காண்ட்ரைட் விண்கற்கள் பெரும்பாலும் 3.2-க்கும் 3.8-க்கும் நடுவே நிற்கும், இரும்பு விண்கல் என்றால் 7-க்கு மேல் 8 வரை. சரளைக் கட்டி ஒன்று 3.5 காட்டவும் கூடும், அதைத் தேய்ப்புக் கோடு காட்டிக்கொடுத்துவிடும். நூலை ஆட்டாமல் சிலமுறை படித்துப் பாருங்கள், முடிந்ததும் கல்லை உடனே துடைத்துக் காயவையுங்கள்.

இதிலும் தேறினால் கடைசியாக ஒரு ஜன்னல் திறக்க வேண்டும். கல்லின் ஒரு ஓரத்தில், மேலோடு இல்லாத பக்கமாகப் பார்த்து, நகத்தளவு இடத்தை அரத்தால் தட்டையாக்குங்கள். அதன் பிறகு எமரி தாளை, முதலில் முரடு பிறகு நயம் என்று போட்டுத் தேயுங்கள். அரத்தோடு நிறுத்தக் கூடாது, அரத்தின் இரும்பே கல்லில் ஒட்டி மின்னி உங்களை ஏமாற்றும். இப்போது வெயிலில் பிடித்துக் கல்லை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். அபிரகமோ வேறு படிகமோ என்றால் ஒரு கோணத்தில் பளிச்சென்று மின்னி, திருப்பியதும் அணைந்துவிடும். உலோகத் துகள் என்றால் திருப்பினாலும் வெள்ளி நிறம் மாறாமல் அங்கேயே இருக்கும். சாம்பல் நிறத் தளத்தில் ஒழுங்கில்லாமல் சிதறிய வெள்ளித் துகள்கள், சுற்றிலும் கடுகளவோ அதைவிடச் சிறியதாகவோ வட்ட வட்டமான மணிகள், இரண்டும் சேர்ந்து தெரிந்தால் நீங்கள் பரபரப்பதில் நியாயம் இருக்கிறது. அந்த மணிகளுக்குக் காண்ட்ரூல் என்று பெயர், சூரியக் குடும்பம் உருவான காலத்தில் உருகி உறைந்த துளிகள் அவை, பூமியின் பாறை எதிலும் அப்படி வராது. தேய்த்த இடத்தை அப்படியே ஓரிரு நாள் விட்டால், ஊட்டி ஈரத்துக்கு உலோகத் துகளைச் சுற்றிப் பழுப்பு வளையம் கட்டத் தொடங்குவதையும் பார்க்கலாம்.

முழுக்க உலோகமாக இருக்கும் துண்டு என்றால் நிக்கல் பார்க்க வேண்டும். விண்வெளி இரும்பில் பொதுவாக 5 சதவீதத்துக்கு மேல் நிக்கல் இருக்கும், வார்ப்பிரும்பில் அப்படி இருக்காது. பக்கத்துக் கல்லூரி வேதியியல் ஆசிரியரிடம் கேளுங்கள், டைமெத்தில்கிளையாக்சைம் என்ற கரைசலும் அமோனியாவும் வைத்துச் சில நிமிடத்தில் பார்த்துவிடுவார், நிக்கல் இருந்தால் இளஞ்சிவப்பு வரும். இணையத்தில் பார்த்துவிட்டு நைட்ரிக் அமிலம் ஊற்றி இரும்பு விண்கல்லின் படிகக் கோடுகளை வரவைக்கிறேன் என்று வீட்டில் இறங்காதீர்கள். புகை நுரையீரலுக்குக் கேடு, கல்லும் பாழாகும்.

உலோகமே இல்லாத விண்கற்களும் உண்டு. பீகாரில் ஷெர்காட்டி என்ற ஊரில் 1865 ஆகஸ்ட் 25-ல் விழுந்தது செவ்வாய்க் கிரகத்திலிருந்து வந்த கல், பார்வைக்குப் பூமியின் எரிமலைக் கல் மாதிரிதான் இருக்கும். அதை மேலே சொன்ன எந்தச் சோதனையும் பிடிக்காது, புத்தம் புதிய கறுப்பு மேலோடு மட்டும்தான் காட்டிக்கொடுக்கும். அதனால் மேலோடு உறுதியாகத் தெரிகிற கல்லை, மற்ற எல்லாவற்றிலும் தோற்றாலும், தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ஒரு விஷயத்தில் எனக்குக் கோபமே உண்டு. கல்லைப் பற்றி ஊரில் பேச்சு பரவியதும் ஆட்கள் வருவார்கள். இதில் இரிடியம் இருக்கிறது, அரிசியை இழுக்கும், கோடிக்கணக்கில் போகும், சோதனைச் செலவுக்கு மட்டும் முன்பணம் கொடுங்கள் என்பார்கள். ரைஸ் புல்லர், இரிடியம் என்ற பெயரில் தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் சேமிப்பை இழந்திருக்கின்றன. கல் விண்கற்களில் இருக்கும் இரிடியம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு, அரிசியை எந்தக் கல்லும் இழுக்காது. யாருக்கும் ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம், கல்லையும் கையில் கொடுத்தனுப்ப வேண்டாம். அதேபோல் ஆதாரம் வருவதற்கு முன் செய்தியாக்கிவிடவும் வேண்டாம். 2016 பிப்ரவரியில் அப்போதைய வேலூர் மாவட்டம் நாட்றம்பள்ளி அருகே ஒருவர் இறந்தபோது விண்கல் விழுந்துதான் இறந்தார் என்று உலகம் முழுக்கச் செய்தி போனது. வெளியான படங்களைப் பார்த்த நாசா விஞ்ஞானிகள் அது தரையிலேயே நடந்த வெடிப்பு போலத்தான் தெரிகிறது என்றார்கள்.

இந்தியாவில் விண்கற்களுக்குப் பொறுப்பு ஜிஎஸ்ஐ எனப்படும் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. தலைமையகம் கொல்கத்தா, சென்னையிலும் அலுவலகம் இருக்கிறது. விழுந்ததைப் பார்த்த கல் என்றால் விஏஓ அல்லது தாசில்தார் வழியாகவும் சொல்லி வைப்பது நல்லது, பதிவு ஒன்று இருக்கும். காப்புக்காட்டுக்குள் பார்த்தால் எடுக்கவே எடுக்காதீர்கள், கல்லானாலும் வனச்சட்டப்படி குற்றம்தான். படமும் இடக்குறிப்பும் எடுத்துக்கொண்டு வனச்சரக அலுவலகத்தில் சொல்லுங்கள்.

எழுதும்போது 'அபூர்வக் கல் கிடைத்துள்ளது' என்று மட்டும் அனுப்பினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எங்கே, எப்போது, எந்த ஆழத்தில் கிடைத்தது, எடை, நீங்கள் அளந்த அடர்த்தி, தேய்ப்புக் கோட்டின் நிறம், காந்தம் எப்படி இசைந்தது, பகல் வெளிச்சத்தில் ஆறு பக்கமும் அளவுகோலோடு எடுத்த படங்கள், ஜன்னலின் கிட்டப்படம் ஒன்று. இவ்வளவும் இருந்தால் அவர்களால் படத்திலேயே பாதி சொல்லிவிட முடியும். உறுதியானால் கிடைத்த ஊரின் பெயர்தான் பொதுவாகக் கல்லுக்கு வரும், பதிவுக்காக 20 கிராமோ மொத்த எடையில் 20 சதவீதமோ, எது குறைவோ அது, ஒரு நிறுவனத்தில் நிரந்தரமாக வைக்கப்பட வேண்டும். ஆகவே அதுவரை சொந்தக்காரர்களுக்கு ஆளுக்கொரு துண்டு என்று உடைத்துக் கொடுத்துவிடாமல், முழுக்கல்லாக, ஈரமில்லாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வைத்திருங்கள்.